கறுப்புக்கொடி கட்டிய ஊர்

மலைக்கு ரோடு போடும்வரை ஓட்டில்லை என்று ஊரே முடிவெடுத்தது. போன மழையில் பிரசவ வலி வந்த மனைவியை டோலி கட்டித் தூக்கிப்போய், பாதி வழியில் பறிகொடுத்த மாதையன்தான் இந்தத் தேர்தலுக்கு முதல் கறுப்புக்கொடியைக் கட்டினான்.

முந்தைய தேர்தல்களில் கொடியைப் பார்த்ததும் தாசில்தார் மூச்சிரைக்க மலையேறி வந்து கெஞ்சுவார். இந்த முறை வாக்குப்பதிவு முடிகிறவரை ஒரு ஈ காக்கா எட்டிப் பார்க்கவில்லை. மாதையனே தாசில்தாருக்குப் போன் போட்டான்.

"ஐயா, எங்க ஊர்ல ஒருத்தரும் ஓட்டுப் போடலைங்க."

"நூறு சதவீதம்னு காட்டுதேப்பா. வராதவங்க மனசைக் கணிச்சு இப்ப மிஷினே போட்டுருது. தெரியாதா?"

"அப்ப என் ஓட்டு?"

அவர் திரையைப் பார்த்துச் சொன்னார். "எப்பவும் போடற சின்னத்துக்குத்தான். உன் சம்சாரமும் அதுக்கேதான் போட்டிருக்கு."