டீச்சர் வீட்டுக் கீசர்

"டீச்சர், கீசரை அணைங்க. ஒரு பாட்டு கேக்க முடியல."

கீழ்வீட்டு ஜன்னலிலிருந்து துரைசாமி கத்தினார்.

மேல்வீட்டு ஸ்டெல்லா டீச்சரும் விடவில்லை. "அந்த ஓட்டை ரேடியோவைத் தூக்கி முளா ஆத்துல போடுங்க."

புனே கிர்க்கியில் அந்தக் கட்டடத்துக்குத் தினமும் இப்படித்தான் விடியும்.

ஒரு காலத்தில் அது முழுக்க ஆர்டினன்ஸ் ஃபேக்டரித் தமிழர்கள் குடியிருந்த கட்டடம். இருட்டு பிரிவதற்கு முன் மீடியம் வேவில், எங்கோ தூரத்திலிருந்து மிதந்து வரும் தமிழ்ப் பாட்டு எல்லா வீட்டிலும் கேட்கும். பால் வாங்கப் படியிறங்கினால் ஒரு வரி மேல்வீட்டில், அடுத்த வரி கீழ்வீட்டில். ஒரு வார்த்தை விட்டுப்போகாது. வெயில் ஏறினால் பாட்டு தேய்ந்துவிடும். அந்த அவசரத்திலேயே அதற்கு ஒரு ருசி.

இப்போது அந்த வீடுகளில் யார் யாரோ. ரேடியோ என்று மிச்சமிருப்பது துரைசாமியுடையது ஒன்றுதான். அதுவும் டீச்சர் கீசரைப் போட்டால் கர்ர்ர்ரென்று இரையும்.

அந்தக் கட்டடத்தின் சொசைட்டி செக்ரட்டரி கீர்த்திக்கு டீச்சரை நினைத்தால் பாவமாக இருந்தது. கணவர் இல்லை. பெங்களூரிலிருக்கும் மகன் போன் பண்ணும்போதெல்லாம் ஒரே பேச்சு: தனியா விழுந்து கிடந்தா யாருக்கும்மா தெரியும், வீட்டை வித்துட்டு வந்துடு. டீச்சருக்கோ இந்த வீட்டை விட்டுப் போக மனசில்லை. இந்தச் சண்டையே அவளைத் துரத்திவிடுமோ என்று கீர்த்திக்குப் பயம்.

ஒருநாள் துரைசாமியிடமே கேட்டாள். "அங்கிள், அதே ஸ்டேஷன் மொபைல்ல க்ளியரா வருது. மத்லப், எதுக்கு டெய்லி ஜக்டா, சண்டை?"

"மொபைல்ல வர்றது பாட்டும்மா. ரேடியோ இல்லை" என்றார் அவர்.

டீச்சர் சாவியைக் கொடுத்துவிட்டு சர்ச்சுக்குப் போன ஞாயிற்றுக்கிழமை, கீர்த்தி எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்தாள். கீசரில் தெர்மோஸ்டாட் தேய்ந்திருக்கிறது, சூடேறி நிற்கும்போதெல்லாம் உள்ளே பொறி தட்டுகிறது, அதைத்தான் ரேடியோ இழுத்துக்கொள்கிறது, மற்றபடி ஆபத்தில்லை என்று மராத்தியில் சொல்லிக்கொண்டே புதுசு மாட்டினான். டீச்சருக்குத் தானாகத் தெரியட்டும் என்று கீர்த்தி வாயைத் திறக்கவில்லை.

திங்கட்கிழமை காலை மாடிப்படி முழுக்கப் பாட்டு. ஒரு கரகரப்பு இல்லை. கீர்த்தி டீயோடு வாசலில் நின்று ரசித்துக்கொண்டிருந்தாள்.

பாட்டு பாடிக்கொண்டிருக்கும்போதே துரைசாமி வெளியே வந்தார். கட்டின லுங்கியோடு, செருப்புகூட இல்லாமல், கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து மேலே ஏறினார். டீச்சர் வீட்டுக் கதவைப் படபடவென்று தட்டினார்.

டீச்சர் கையில் தோசைக் கரண்டியோடு கதவைத் திறந்தாள். "என்னண்ணே?"

துரைசாமி அவளை ஏற இறங்கப் பார்த்தார். திரும்பி இறங்கினார்.

கீர்த்தி வழியிலேயே மறித்தாள். "சத்தம்தான் நின்னுபோச்சே அங்கிள். இன்னும் என்ன? அவங்க வீட்டைக் காலி பண்ணணுமா?"

அவருக்கு மூச்சு வாங்கியது. "நீ என்ன பண்ணினே?"

சொன்னாள்.

"பழசையே மாட்டச் சொல்லு" என்றார். கதவைச் சாத்திக்கொண்டார்.

கீர்த்திக்குக் கோபம் தலைக்கேறியது. இந்த ஆளைப் பற்றிச் சொசைட்டி மீட்டிங்கில் பேசியே தீரவேண்டும் என்று டீச்சரிடம் போனாள். டீச்சர் அவளை உட்காரவைத்து, தட்டில் ஒரு தோசையைப் போட்டாள்.

துரைசாமியின் மனைவி சரசா பாத்ரூமில் விழுந்தபோது அவர் நைட் ஷிப்டில் இருந்தாராம். வீட்டுக்கு வரும்வரை யாருக்கும் தெரியவில்லை. டீச்சரும் தனியாளான பிறகு, தினம் காலையில் வந்து கதவைத் தட்ட ஆரம்பித்திருக்கிறார்.

"எனக்கு ரோஷம். நான் என்ன பேஷன்டான்னு கேட்டுட்டேன். அன்னைக்கோட படியேறுறதை விட்டுட்டார். அப்புறந்தான் இந்தச் சண்டை."

"புரியலை ஆன்ட்டி."

"ரேடியோ இரைஞ்சா நான் எழுந்துட்டேன்னு அவருக்குத் தெரியும். கத்துவார். நானும் பதிலுக்குத் திட்டுவேன். உடனே அவர்கிட்டேருந்து பெங்களூருக்கு மெசேஜ் போயிடும், அம்மா எழுந்தாச்சுன்னு. மகன் ஒருதரம் வாய் தவறிச் சொல்லிட்டான். அந்த மெசேஜ் போறவரைக்கும்தான் அவன் என்னை இந்த வீட்டுல விட்டுவைப்பான்."

கீர்த்தி தட்டைத் தள்ளிவைத்தாள். கீழே பாட்டு தேய்ந்துகொண்டிருந்தது.

"இன்னைக்கே பழசை மாட்டிடறேன் ஆன்ட்டி. ஆனா அதுல உங்களுக்கு வெந்நீர் சரியா வருமா?"

"வெந்நீரா?" டீச்சர் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "இந்தக் கிர்க்கிக் குளிர்லயும் நான் பச்சைத் தண்ணியிலதாம்மா குளிக்கிறேன்."