ஏகாம்பரத்தின் பறை

எங்கள் ஹார்ட்கோர் பங்க் இசைக்குழுவில் பறையடித்த ஏகாம்பரம், அடையாற்றங்கரைக் குடிசைகள் எரிந்தபோது உள்ளேயே செத்தான். சாம்பலில் அவன் பறை மட்டும் கருகாமல் கிடந்தது. எங்கள் முதல் ஆல்பத்துக்கு அதைத்தான் அடித்தோம்.

தீயில் காய்ச்சினால்தான் பறையின் தோல் விறைக்கும். ஆழ்வார்பேட்டை ஸ்டுடியோவில் தீ ஏது? ஆனாலும் அந்த ஏசி குளிரில் தோல் சுட்டது.

"எங்க காய்ச்சின, நிலா?" என்று என்னிடம் கேட்டான் ஒலிப்பதிவு செய்த இனாயத்.

"காய்ச்சவேயில்ல மச்சி."

தி.நகரில் ஆல்பம் வெளியீடு. குத்துவிளக்கு ஏற்றாமல் பறையடித்துத் தொடங்குவது எங்கள் வழக்கம். சிறப்பு விருந்தினராக நான் அழைத்தது, எரிந்த இடத்தில் அடுக்குமாடி கட்டிக்கொண்டிருக்கும் சபாபதியை. தீ வைக்க ஆள் அனுப்பியது அவர்தான் என்பது ஆற்றங்கரை முழுக்கத் தெரியும்.

பறையை நானே அவர் தோளில் மாட்டினேன். சிரித்தபடி நாலு அடி அடித்துவிட்டுக் குச்சிகளைக் கீழே வைத்தார். பறையின் ஒலி நிற்கவில்லை. கூட்டம் கைதட்டியது. அவரது வெள்ளைச் சட்டையில் வட்டமாகப் பழுப்பேறியது. தோள் வாரை இழுத்துப் பார்த்தார், கழலவில்லை.

"யம்மா, சுடுதும்மா. கழட்டும்மா."

"இன்னா சார் அவசரம்? இது மொத பாட்டுதான். இன்னும் ஒம்போது கீது" என்று சொல்லி மைக்கைக் கையில் எடுத்தேன்.