எதிரே நிற்கும் கப்பல்

பல் பிடுங்கிய இடத்தில் பஞ்சை அழுத்திக் கடித்தபடி அவன் கடலோர நடைபாதைக்கு வந்து சேர்ந்தான்.

காலை வெயில். கால்களுக்குக் கீழே தரை ஆடாமல் இருந்தது. அதிலேயே அவனுக்குத் தலை சுற்றியது.

ஒரு பக்கம் ஸ்பானியர்கள் கட்டிய பழைய கோட்டை. மறு பக்கம் கரீபியன் கடல். நடுவே கல் பாவிய நீண்ட பாதை. ஒரு வருடத்துக்கும் மேலாகக் கப்பல் தளத்திலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். எந்தக் கிழவர் எந்த பெஞ்சில் வந்து உட்காருவார் என்பதுகூடத் தெரியும்.

இன்றுதான் முதல் தடவையாக இதில் நடக்கிறான்.

இங்கிருந்து பார்க்கக் கப்பல் அழகாக இருந்தது.

முதலாளி கைவிட்டு ஓடிவிட்ட கப்பல். துறைமுகத்தார் அதைப் பிடித்து நிறுத்தி வைத்திருந்தார்கள். மற்றவர்களை ஊருக்கு அனுப்பிவிட்டு, காவலுக்கு இரண்டு பேர் இருந்தே ஆகவேண்டும் என்றார்கள். அவனும் சமையற்காரர் தாசையாவும் சிக்கினார்கள். வைத்தியம் மாதிரி அவசரத்துக்கு மட்டும் ஒருவர் கரைக்கு வரலாம்; அப்போது மற்றவர் கப்பலில் இருக்க வேண்டும்.

ஒரு இளம் ஜோடி அவனிடம் போனை நீட்டியது. தங்களுக்கு நடுவே கப்பல் தெரியும்படி நகர்ந்து நின்றார்கள். எடுத்துக் கொடுத்தான்.

"போனீத்தோ" என்றாள் அந்தப் பெண்.

அழகு. அந்த மொழியில் அவனுக்குத் தெரிந்த சில சொற்களில் அதுவும் ஒன்று.

நடைபாதையில் இலவச வைஃபை இருந்தது. தூத்துக்குடியில் இப்போது விளக்கு வைத்திருப்பார்கள். மனைவி டெல்பின் எடுத்தாள்.

"என்ன, பேச்சு ஒரு மாதிரி இருக்கு?"

"பல்லு எடுத்தாச்சு."

"அடுத்த மாசம் கப்பலை ஏலத்துல விட்ருவாங்கன்னு ஏஜென்ட் சொல்லுதாரு."

"ம்."

ஏலம் போனால்தான் அவன் ஊர் திரும்ப முடியும். போன மாதமும் இதையேதான் சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் முகம் திரையை விட்டு விலகிப்போனது.

மகள் போனைப் பிடுங்கிக்கொண்டாள். கப்பலைக் காட்டு, காட்டு என்றாள். அவன் கேமராவைக் கடல் பக்கம் திருப்பினான்.

வெகுநேரம் பார்த்தாள்.

"ஏம்ப்பா, அது நகரவே மாட்டேங்குது?"

வாயில் பஞ்சு இருந்தது நல்லதாகப் போயிற்று.

கோட்டைக்குப் பின்னால் தலைநகருக்குப் போகும் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. நடத்துநர் ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். கப்பலிலிருந்து வந்தவனை யாரும் கவனிக்கவில்லை. அவனுடைய பாஸ்போர்ட் துறைமுக அலுவலகத்தில் இருந்தது. அது இல்லாமலும் இந்த ஊரில் எத்தனையோ பேர் பிழைக்கிறார்கள்.

காலையில் படகில் இறங்கும்போது தாசையா சொல்லியிருந்தார்.

"போணும்னா போயிரு மக்கா. என்னெ நெனச்சு நிக்காத."

சொல்லிவிட்டு, அவன் முகத்தைப் பார்க்காமல் அரிசி களையப் போய்விட்டார்.

அவன் பஸ் படியில் ஒரு காலை வைத்தான். நடத்துநர் நகர்ந்து இடம் விட்டான்.

உள்ளே ஜன்னலோரம் ஓர் இருக்கை காலியாக இருந்தது.

காலை எடுத்துக்கொண்டான். பஸ் புகையைக் கக்கிவிட்டுப் போயிற்று.

துறையில் படகுக்காரன் காத்திருந்தான். அவனைக் கண்டதும் கயிற்றை அவிழ்த்தான்.

நெருங்க நெருங்கக் கப்பலின் துரு தெரிந்தது. உரிந்து தொங்கும் பெயிண்ட் தெரிந்தது. பிறகு, மேலே தளத்தின் தடுப்புக் கம்பியோரம் தாசையா தெரிந்தார். நெற்றியில் கையை வைத்துப் படகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்குப் பார்வை மங்கல். படகு வருவது தெரிந்திருக்கும். அதில் யார் யார் என்று தெரிந்திருக்காது.

அவன் எழுந்து நின்றான்.

படகு ஆடியது. உட்காரச் சொல்லிப் படகுக்காரன் கத்தினான். அவன் உட்காரவில்லை. இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினான்.

தாசையா நெற்றியிலிருந்து கையை இறக்கினார். பதிலுக்குக் கையசைக்கவில்லை.

கம்பியைப் பிடித்தபடி அப்படியே தளத்தில் உட்கார்ந்துவிட்டார்.