அப்பன் மூக்கு

"இது பிறவிக் கோணல் இல்லைங்க. சின்ன வயசுல எலும்பு உடைஞ்சு, அப்படியே கோணலா ஒட்டியிருக்கு" என்று ஸ்கேன் படத்தைக் காட்டினார் டாக்டர். "மேலோட்டமா மூக்கைத் திருத்துனா பத்தாது. உள்ள எலும்பை வெட்டி நேரா வைக்கணும். அப்பத்தான் மூச்சும் நல்லா வரும்."

வடிவு ஓரக்கண்ணால் திரும்பிப் பார்த்தாள். பக்கத்து நாற்காலியில், அதே கோணல் மூக்கோடு கணவர் பொன்னுச்சாமி.

"நான் எப்பம்மா விழுந்தேன்?" என்றான் மகன் மனோஜ்குமார். "ஊரே இதை அப்பா மூக்குன்னுல்ல சொல்லுது!"

"எனக்கு ஞாபகமில்லப்பா."

சுத்தப் பொய். அதெல்லாம் மறக்குமா? பொன்னுச்சாமி திருப்பூரில் வேலையாக இருந்தபோது பிறந்தவன் மனோஜ். ஊர் திரும்பியதும் ஆடலூரில் எவளோ, பிள்ளைக்கு அவர் ஜாடையே இல்லையென்று காதில் ஓத, மனுஷர் பிள்ளையைத் தொட்டுக்கூடத் தூக்கவில்லை.

பிறகு ஒருநாள், அவர் மிளகு லோடோடு கேரளா போயிருந்த சமயம், காப்பி காயப்போடும் களத்துச் சுவரிலிருந்து பிள்ளை குப்புற விழுந்தான். வீக்கம் வடிந்ததும் மூக்கு கோணியிருந்தது. வத்தலக்குண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி வாசலில் நின்றாள் வடிவு. அப்போதுதான் அவர் வந்தார்.

"அட, என் மூக்குல்ல இது!" என்று முதன்முறையாகப் பிள்ளையைத் தூக்கினார்.

வடிவு பையைக் கீழே வைத்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போகவேயில்லை. மகன் மூச்சுத் திணறும்போதெல்லாம் தன் வாழ்வுக்காக அவன் மூக்கைப் பலி கொடுத்துவிட்டோமே என்று கூனிக் குறுகினாள்.

மனோஜ் ரத்தப் பரிசோதனைக்குப் போனான். வராந்தாவில் இருவர் மட்டும்.

"என்னை வெட்டிப் போட்டாலும் சரிங்க" என்றாள் வடிவு. "அவன் விழுந்ததை மறைச்சுட்டேன். ஆனா சத்தியமா அவன் உங்க பிள்ளைதாங்க."

பொன்னுச்சாமி தலை நிமிரவில்லை.

"தெரியும் புள்ள. சந்தேகப்பட்டது தப்புன்னு அதுக்கு முன்னாடியே உறைச்சுருச்சு. உன்கிட்ட வந்து சொல்ல வெக்கமாக் கெடந்துச்சு. பிள்ளையத் தூக்க ஒரு சாக்கு தேடிக்கிட்டிருந்தேன்."

"அப்ப... மூக்கு?"

"உன்னையக் கட்டுறதுக்கு முந்தி, கொடைக்கானல்ல மட்டக்குதிரை ஒதச்சுக் கோணுனது என் மூக்கு. அதுக்கு முன்னாடி, அவன் விழுறதுக்கு முந்தி அவனுக்கு இருந்த மாதிரியே நேராத்தான் இருந்துச்சு, வடிவு."