அடைக்கோழிப் பெட்டி

"ஏனுங்க ரஞ்சனி, அந்தப் பழைய கம்ப்யூட்டர் எங்கீங்க?" சங்ககிரி லாரி புக்கிங் ஆபீஸ் முதலாளி ஜெகதீஸ்வரன் ரஞ்சனியின் வீட்டுக்கே வந்து பதறினார். "லோடு தர்றவங்க நம்பரெல்லாம் அதுலதான் இருக்குது."

ரஞ்சனி வாசலைக் காட்டினாள். மூடி கழற்றிய கம்ப்யூட்டர் பெட்டிக்குள் வைக்கோல்மேல் கோழி உட்கார்ந்திருந்தது.

"அடைக்கோழியைக் கலைக்கக் கூடாதுங்க. இருபத்தொரு நாள் கழிச்சு வாங்க."

"அதுக்குள்ள தொழிலே போயிருமுங்க!"

"பழசு ரெண்டும் வேண்டாம்னு போன மாசம் என்னையும் அதையும் ஒண்ணாத்தானுங்க வெளிய அனுப்புனீங்க?"

தலைகுனிந்தபடி அவர் காரில் ஏறினார்.

கார் மறைந்ததும் கோழி முட்டையிட்டுவிட்டுக் கொக்கரித்தபடி இறங்கி ஓடியது. அடையுமில்லை, ஒன்றுமில்லை.

ரஞ்சனி போனை எடுத்தாள். பதினெட்டு வருஷம் அவள் கூப்பிட்ட நம்பர்கள், எல்லாமே மனப்பாடம்.

"வணக்கமுங்க, ரஞ்சனி லாரி புக்கிங்ல இருந்து பேசறேன். லோடு இருக்குதுங்களா?"