இரண்டு நிமிஷக் காப்பி

காப்பித் தட்டோடு வந்து நின்ற சொக்கம்மாளின் கண்களிலிருந்து தாரை தாரையாக நீர் வழிந்துகொண்டிருந்தது. முந்தானையால் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வந்தது.

"பாத்தியளா வக்கீலய்யா!" என்று அவள் புருஷன் குத்தாலிங்கம் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "ஆவுடைத்தாய் கைக்கட்டப் பாத்ததும் என் சம்சாரத்துக்குத் தாங்கல. எங்க குடும்பமே எளகின மனசு."

குத்தாலிங்கத்துக்குத் தென்காசி ரத வீதியில் பாத்திரக்கடை. அந்த இளகின மனசைப் பற்றி அவர் கடைச் சிப்பந்திகளிடம் கேட்டால் சிரிப்பார்கள். அவர் விற்ற அக்கினிராணி மண்ணெண்ணெய் ஸ்டவ்தான் போன வாரம் குற்றாலத்தில் வெடித்தது. சீசனுக்கு அங்கே இட்லிக்கடை போட்டிருந்த ஆவுடைத்தாயின் வலது கை விரலிலிருந்து முழங்கை வரை வெந்துபோயிற்று.

சீசன் சம்பாத்தியத்தில்தான் அவள் வீட்டில் வருஷம் முழுக்க உலை கொதிக்கும். இந்த வருஷம் சாரலும் வந்தது, கூட்டமும் வந்தது. மாவாட்டத்தான் அவளால் முடியவில்லை.

அவளுக்காக வக்கீல் நாறும்பூநாதன் நோட்டீஸ் அனுப்பினார். மறுநாளே குத்தாலிங்கம் இருவரையும் வீட்டுக்கு வரவழைத்துவிட்டார். கேஸ் வேண்டாம் என்று ராஜிப் பத்திரம் தயாராக இருந்தது. "அளவுக்கு மீறிப் பம்பு அடித்தது என் தவறே, ஸ்டவ்வில் குறை ஏதும் இல்லை" என்று ஆவுடைத்தாயே சொல்வதுபோல் அதில் அழகாக எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டால் மரியாதையாக ஒரு புது ஸ்டவ் இனாம். அதே அக்கினிராணி.

"பெரிய சைஸாவே தாரேன் தாயி," என்றார் தாராளமாக.

"நான் நாலு தடவதான் பம்பு அடிச்சேன் மொதலாளி. அதுக்கே டாங்கி பொளந்துட்டு," என்றாள் ஆவுடைத்தாய்.

"நாலா நாப்பதான்னு ஆரு எண்ணினா? கடையத்துல ஓடுது, இலத்தூர்ல ஓடுது, ஒருத்தரும் ஒரு கொற சொல்லல. அட, எங்க அடுக்களையிலயே அதுதான எரியுது! கெட்ட சாமான்னா பொண்டாட்டி கையில குடுப்பனா? இருங்க, ரெண்டே நிமிஷத்துல காப்பி வரும், நீங்களே பாருங்க." பின்கட்டுக்குப் போய்க் காப்பிக்குச் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

அந்த இரண்டு நிமிஷம் சுவர்க் கடிகாரத்தில் முக்கால் மணி நேரம் ஓடிற்று. வெளியே ஒரு வாரமாக விடாத சாரல் சிணுங்கிக்கொண்டே இருந்தது.

"பாலச் சுண்டக் காய்ச்சுதா போல. விருந்தாளின்னா அவளுக்கு அப்படி," என்று குத்தாலிங்கம் சமாளித்தார்.

அதற்குள் வக்கீல் ஆவுடைத்தாயின் காதோடு சொல்லி முடித்திருந்தார். "கேஸ் நிக்கணும்னா, கெட்ட சாமான்னு தெரிஞ்சேதான் வித்தாருன்னு சாட்சி வேணும்மா. அவரு வீட்டுலயே அதத்தான் வச்சிருக்காருன்னா, நாம கோர்ட்டுல என்னத்தச் சொல்ல?"

குத்தாலிங்கம் மை டப்பாவைத் திறந்து நீட்டினார். வலது கை கட்டுக்குள் இருப்பதில் அவருக்கு ஒன்றும் கஷ்டம் இல்லை. இடது கட்டைவிரல் நன்றாகத்தானே இருக்கிறது!

ஆவுடைத்தாய் விரலில் மையைத் தொட்டுக்கொண்டாள். ஆனால் பத்திரத்தில் வைக்க ஆத்திரம் விடவில்லை. தான் செய்யாத தப்புக்குத் தானே ரேகை வைப்பதா என்று விரலை அந்தரத்தில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

சொக்கம்மாள் காப்பியோடு வந்து கண்ணீர் விட்டது அந்த நேரத்தில்தான்.

அதைப் பார்த்ததும் ஆவுடைத்தாய்க்கு ஆத்திரமெல்லாம் இறங்கிவிட்டது. இந்த ஒரு வாரத்தில் அவள் கையைப் பார்த்து உச்சுக் கொட்டியவர்கள் நிறையப் பேர். அழுதவர் ஒருவரும் இல்லை. இந்த மகராசி முகத்துக்காகவாவது போகட்டும் என்று தோன்றியது. விரல் பத்திரத்தை நெருங்கியது.

"அழாதிய அக்கா," என்றாள் ஆவுடைத்தாய். "ஒங்க வீட்டுக்காரர நான் கோர்ட்டுக்கு இழுக்கல. கை என்ன, ஆறிரும்."

சொக்கம்மாள் ஒன்றும் புரியாமல் விழித்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"நான் எங்க தாயி அழுதேன்? இந்தச் சாரல்ல வெறகெல்லாம் ஈரம். ஊதி ஊதிக் கண்ணு எரியுது."

ஆவுடைத்தாயின் விரல் அப்படியே நின்றது.

"ஏட்டி, நீ உள்ள போ!" என்று குத்தாலிங்கம் துள்ளி எழுந்தார்.

வக்கீல் காப்பியை ஓரமாக வைத்துவிட்டுப் பேனாவைத் திறந்தார். "வெறகா? அப்ப அந்த அக்கினிராணி ஸ்டவ்வு எங்கம்மா?"

"அய்யய்ய, அது வெடிச்சிரும், வீட்டுக்குள்ள கொண்டாரவே கூடாதுன்னு இவுகதான சொல்லியிருக்காவ!"