கிட்டாருக்கு வந்த அவமானம்

"அந்த வாத்தியத்தோட மானத்தை வாங்குறாங்கடி!" என்று மனைவியிடம் பொரிந்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாடியேறினார் அழகிரி.

பொன்மலை ரயில்வே காலனியில் துரைமார் கிளப்பில் பல வருஷமாகப் பரிமாறுகிறவர். மடியில் கிடத்தி, கம்பிமேல் இரும்புத் துண்டை வழுக்கி வாசிக்கிற ஸ்டீல் கிட்டார் என்றால் குதிரையேறி மாடு மேய்க்கிற வெள்ளைக்காரன் பாட்டுக்கு மட்டும்தான் என்பது அவர் கட்சி. மாடியில் புதிதாகக் குடிவந்தவர்களோ தினமும் மத்தியானம் அதில் 'ஆராரோ' வாசிக்கிறார்கள்!

அம்மாசி கதவைத் திறந்தான். உள்ளே தூளியில் குழந்தை. பக்கத்தில் அவன் மனைவி வீராயி, மடியில் கிட்டாரோடு.

"ஏம்மா, துரைமாருங்க பாட்டுக்குன்னே பொறந்தது இது. தாலாட்டை வாயால பாடினா ஆகாதா?"

வீராயி சிரித்தாளே தவிர, வாயைத் திறக்கவில்லை.

"பார்த்தியாய்யா? பெரியவன் கேக்குறேன், பதில் சொல்றாளா பாரு!"

"கோவிச்சுக்காதீங்கண்ணே," என்றான் அம்மாசி. "ஜீயபுரத்துல நடவுக்கு இவ பாடினா, ரோட்டுல போறவன் நின்னுடுவான். நானும் அப்படி நின்னவன்தான். போன வருஷம் தொண்டையில ஆபரேஷன். உசிரைக் காப்பாத்திட்டாங்க, குரல் போயிடுச்சு. பழைய சாமான் கடையில இந்தக் கம்பிமேல இரும்பை இழுத்துப் பார்த்தவ, 'இதுதான்'னு தொண்டையைத் தொட்டுக் காட்டினா."

தூளியில் குழந்தை சிணுங்கியது.

"நிறுத்தாதே தாயி," என்று சொல்லிவிட்டு அழகிரி மெல்லக் கீழே இறங்கினார்.

"என்ன, நல்லா கேட்டுட்டு வந்தீங்களா?" என்றாள் மனைவி.

"சத்தம் போடாதேடி. அந்தப் பொண்ணு பாடிக்கிட்டிருக்கு."